பஞ்சத்தில் பழகிய கை



ரவுட்டர் இன்டர்ஃபேஸில் ஐபிவி6 முகவரி கொடுப்பது பற்றிப் பேச அழைத்தீர்கள். முன்வரிசைகளில் பாலிடெக்னிக் மாணவர்கள் இருக்கிறீர்கள். பின்னால் ஊர்களில் ஃபைபர் இழுத்து இணையம் கொடுக்கும் தொழில்காரர்கள் இருக்கிறீர்கள். கட்டளையை மட்டும் சொல்வதென்றால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். இன்டர்ஃபேஸுக்குள் போக வேண்டும், முகவரியைத் தட்ட வேண்டும், நோ ஷட்டவுன் கொடுக்க வேண்டும். ஐபிவி4-க்கும் இதைத்தான் செய்துவந்தோம். என் கவலையெல்லாம் அந்தக் கட்டளையைத் தட்டும் கையைப் பற்றியது. அது பஞ்சத்தில் பழகிய கை. ஒவ்வொரு முகவரியையும் எண்ணி எண்ணிச் செலவழித்த கை. அதே பழக்கத்தோடு ஐபிவி6-க்கு வந்தால் கட்டளையில் ஒரு பிழையும் இருக்காது, ஆனால் நெட்வொர்க் கோணலாகக் கட்டப்பட்டிருக்கும்.

பஞ்சம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981-ல் வரையறுக்கப்பட்ட ஐபிவி4-ல் முகவரியின் நீளம் 32 பிட். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். உலக மக்கள்தொகைக்கு ஆளுக்கொன்றுகூடத் தேறாது. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசி ஐந்து தொகுதிகளும் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டன. நம் ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கான ஏபிநிக் அமைப்பு, அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. அன்றிலிருந்து அங்கே ரேஷன்தான். புதிதாக வரும் நிறுவனத்துக்கு முதலில் 1,024 முகவரிகள் என்று இருந்தது. 2019-ல் அது 512 ஆகக் குறைந்தது. ஒரு தாலுகா தலைநகரில் மூவாயிரம் இணைப்பு வைத்திருப்பவர் 512 முகவரியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பெரிய நாட் பெட்டி ஒன்றை வாங்கி வைப்பார். பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைப்பார். எந்த நேரத்தில் எந்தச் சந்தாதாரர் எந்த போர்ட்டில் இருந்தார் என்ற பதிவேட்டைச் சேமிக்கத் தனியாக ஹார்ட் டிஸ்க் வாங்குவார். இந்தப் பணமெல்லாம் தட்டுப்பாட்டுக்குக் கட்டும் வரி.

ஐபிவி6 நேற்று வந்தது அல்ல. ஸ்டீவ் டீரிங், ராபர்ட் ஹிண்டன் இருவரும் எழுதிய முதல் வரையறை 1995 டிசம்பரிலேயே வந்துவிட்டது. திருத்தப்பட்டு முழு இணையத் தரநிலையாக 2017 ஜூலையில் நிலைபெற்றது. முகவரி 128 பிட். இதில் இந்தியா பின்தங்கியும் இல்லை. 2016-ல் ஜியோ தன் 4ஜி சேவையைத் தொடங்கியபோதே ஐபிவி6-ஐ அடித்தளமாக வைத்துக் கட்டியது. கூகுளும் ஏபிநிக்கும் வெளியிடும் அளவீடுகளில் இந்தியாவின் பயன்பாடு பாதியைத் தாண்டி வெகு நாளாகிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருடைய சட்டைப்பையில் இருக்கும் கைபேசி இந்த நிமிடமே ஐபிவி6 முகவரியோடு இருக்கிறது. பின்தங்கியிருப்பது அலுவலகங்களும் கல்லூரி வளாகங்களும் சிறு சேவையாளர்களும்தான். அங்கே ரவுட்டரில் கை வைப்பவர்கள் நீங்கள்.

முதலில் எழுத்துமுறை. 128 பிட்டை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நான்கு ஹெக்ஸாடெசிமல் இலக்கங்களாக எழுதுகிறோம்: 0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை. 2001:0டிபி8:0000:0000:0000:0000:0000:0001 என்பதை 2001:டிபி8::1 என்று சுருக்கலாம். முன்னால் வரும் பூஜ்யங்களை விடலாம். தொடர்ந்து வரும் பூஜ்யப் பகுதிகளை ஒரே ஒரு முறை இரட்டை முக்காற்புள்ளியாக்கலாம். இப்படி ஒரே முகவரியைப் பல விதமாக எழுத முடியும் என்பதே தொல்லையாகி, சிறிய எழுத்துகளில், இயன்றவரை சுருக்கி, நீளமான பூஜ்ய வரிசையையே மடக்கி எழுதவேண்டும் என்று 2010-ல் ஓர் ஒழுங்கைப் பரிந்துரைத்தார்கள். அதை அழகுக்காக என்று நினைக்காதீர்கள். நள்ளிரவில் லாக் கோப்பில் ஒரு முகவரியைத் தேடும்போது, நீங்கள் ஒரு விதமாகவும் பதிவு வேறு விதமாகவும் இருந்தால் தேடல் வெறுங்கையோடு திரும்பும். உங்கள் விரிதாளில், லேபிளில், கான்ஃபிகரேஷனில் ஒரே வடிவம் இருக்கட்டும்.

இப்போது இன்டர்ஃபேஸுக்கு வருவோம். ஐபிவி4-ல் இன்டர்ஃபேஸுக்கு ஒரு முகவரி. இரண்டாவது கொடுத்தால் அது செகண்டரி, ஏதோ ஒட்டுப்போட்டதுபோல. ஐபிவி6-ல் பல முகவரிகள் இருப்பதுதான் இயல்பு நிலை. குறைந்தபட்சம் ஒரு லிங்க்-லோக்கல் முகவரி இருந்தே தீர வேண்டும். எஃப்இ80 என்று தொடங்கும் அந்த முகவரி அந்தக் கம்பியைத் தாண்டிப் போகாது. அதற்கு மேல் உலகம் அறியும் குளோபல் முகவரி ஒன்றோ பலவோ இருக்கலாம். போதாதற்குச் சில மல்டிகாஸ்ட் குழுக்களிலும் இன்டர்ஃபேஸ் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

சிஸ்கோ ரவுட்டரில் ஓர் இன்டர்ஃபேஸுக்கு 2001:டிபி8:10:30::1/64 என்ற முகவரியைக் கொடுத்துவிட்டு, ஷோ ஐபிவி6 இன்டர்ஃபேஸ் என்று தட்டிப் பாருங்கள். திரையில் முதலில் லிங்க்-லோக்கல் தெரியும். நீங்கள் கொடுக்காமலே அது வந்திருக்கும். அடுத்து நீங்கள் கொடுத்த குளோபல் முகவரி. அதற்குக் கீழே, சேர்ந்திருக்கும் குழுக்கள் என்று ஒரு சிறு பட்டியல் இருக்கும். பெரும்பாலோர் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் இடம் அது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். எஃப்எஃப்02::1 இருக்கும், அது எல்லாக் கணுக்களுக்கும் உரிய குழு. எஃப்எஃப்02::2 இருக்கிறதா என்று தேடுங்கள். அது ரவுட்டர்களுக்கு மட்டும் உரிய குழு. இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது ரவுட்டரே அல்ல. பெட்டி ரவுட்டர், விலை ரவுட்டர், நடத்தை சாதாரணக் கணினியினுடையது. ஐபிவி6 யூனிகாஸ்ட்-ரவுட்டிங் என்ற பொதுக் கட்டளையைக் கொடுக்க மறந்திருக்கிறீர்கள் என்று பொருள். சிஸ்கோவின் ஐஓஎஸ் மென்பொருளில் ஐபிவி4 ரவுட்டிங் பிறவியிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். ஐபிவி6-க்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிங் பண்ணினால் பதில் வரும், முகவரி சரியாக இருக்கும், ஆனால் ஒரு பாக்கெட்கூட ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகாது. மாணவர்கள் லேபில் அரை மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

லிங்க்-லோக்கல் முகவரியைத் தானாக வருகிறதே என்று விட்டுவிடலாமா? பழைய முறையில் அது மேக் முகவரியிலிருந்து பிறக்கிறது. 48 பிட் மேக்கை நடுவில் பிளந்து, எஃப்எஃப்எஃப்இ என்று 16 பிட்டைச் செருகி, முன்னாலிருந்து ஏழாவது பிட்டைத் திருப்பிப்போட்டால் 64 பிட் கிடைக்கும். கணினிக்கு அது போதும். ரவுட்டருக்கு நான் கையாலேயே எஃப்இ80::1 என்று கொடுக்கச் சொல்வேன். லைன் கார்டு பழுதாகி மாற்றினால் மேக் மாறும். மேக் மாறினால் லிங்க்-லோக்கல் மாறும். அதை நெக்ஸ்ட்-ஹாப்பாக வைத்து எதிர்முனையில் எழுதிய ஸ்டாட்டிக் ரூட் அநாதையாகும். கையால் கொடுத்த எஃப்இ80::1 கார்டு மாறினாலும் மாறாது, பார்த்ததும் அடையாளமும் தெரியும். ஒரே ரவுட்டரின் எல்லா இன்டர்ஃபேஸுக்கும் அதே எஃப்இ80::1-ஐக் கொடுக்கலாம். ஒவ்வொரு கம்பியும் தனி உலகம் என்பதால் மோதல் வராது. ஆனால் அந்த முகவரியைப் பிங் செய்தால், எந்த இன்டர்ஃபேஸ் வழியாக என்று ரவுட்டர் உங்களையே திருப்பிக் கேட்கும். அது கோளாறு அல்ல, நியாயமான கேள்வி. ஸ்டாட்டிக் ரூட் எழுதும்போதும் லிங்க்-லோக்கலோடு வெளியேறும் இன்டர்ஃபேஸின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

முகவரி கொடுத்தவுடன் அது செல்லுபடியாகிவிடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். இன்டர்ஃபேஸ் முதலில் கம்பியில் விசாரிக்கும்: இந்த முகவரி யாரிடமாவது இருக்கிறதா? பதில் வராவிட்டால்தான் பயன்படுத்தத் தொடங்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் டெலிகாம்காரர் சர்க்யூட்டைச் சோதிக்க லூப் போட்டுவிட்டால், ரவுட்டர் அனுப்பிய விசாரணை அதனிடமே திரும்பி வரும். வேறு யாரோ இதே முகவரியைக் கேட்கிறார்கள் என்று அது நினைத்துக்கொள்ளும். தன் லிங்க்-லோக்கலே இரட்டிப்பு என்று முடிவு கட்டி, அந்த இன்டர்ஃபேஸில் ஐபிவி6-ஐயே நிறுத்திவிடும். லூப்பை எடுத்தபிறகும் பழைய மென்பொருளில் அது தானாக எழுந்திருக்காது. ஷட்டவுன் கொடுத்துத் திரும்ப எழுப்ப வேண்டும். ஐபிவி4 ஓடிக்கொண்டே இருக்கும், ஐபிவி6 மட்டும் செத்திருக்கும். விசாரணையில் ஒவ்வொரு முறையும் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்து அனுப்பித் தன் குரலைத் தானே அடையாளம் காணும் திருத்தம் 2015-ல் வந்தது. உங்கள் ரவுட்டரில் அது இருக்கிறதா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம். ஐபிவி4 இன்டர்ஃபேஸ் வாய் பேசாது. டிஹெச்சிபி சர்வர் சொல்லித்தான் கணினிக்குக் கேட்வே தெரியும். ஐபிவி6 இன்டர்ஃபேஸ் பேசும். ஈதர்நெட் இன்டர்ஃபேஸில் குளோபல் முகவரி கொடுத்து, ரவுட்டிங்கையும் இயக்கிவிட்டால், சிஸ்கோ ரவுட்டர் சுமார் 200 வினாடிக்கு ஒரு முறை அந்த லேன் முழுவதற்கும் அறிவிப்பு அனுப்பத் தொடங்கும்: நான்தான் ரவுட்டர், இதுதான் பிரிஃபிக்ஸ், இவ்வளவு காலம் செல்லும். 1,800 வினாடிக்குள் அடுத்த அறிவிப்பு வராவிட்டால் கணினிகள் அந்தக் கேட்வேயைக் கைவிடும். பிரிஃபிக்ஸுக்கு வழக்கமான ஆயுள் 30 நாள், அதில் விருப்பத்துக்குரிய காலம் 7 நாள். கேட்ட கணினிகள் அந்த நொடியே தங்களுக்கு முகவரியை உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் தட்டியது ஒரு முகவரி. விளைவு அந்த லேனில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி. ஒரு லேனில் முகவரி வைக்கிறோம் என்றால் அந்த லேனை ஆளத் தொடங்குகிறோம் என்று அர்த்தம்.

அதனால்தான், கணினியே இல்லாத, ரவுட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையிலான ஈதர்நெட்டில் அறிவிப்பை நிறுத்திவைக்கச் சொல்கிறேன். அதனால்தான், கணினிகள் இருக்கும் சுவிட்சில் ரவுட்டர் அறிவிப்பைத் (ஆர்ஏ) தடுக்கும் ஆர்ஏ-கார்டு என்ற காவலை, ரவுட்டர் இருக்கும் போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் போடச் சொல்கிறேன். விடுதி அறையில் ஒரு மாணவர் தன் விண்டோஸ் மடிக்கணினியில் இணையப் பகிர்வை இயக்கினால்கூட அது ரவுட்டர்போல அறிவிக்கத் தொடங்கி, அந்தத் தளம் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளக்கூடும். அவர் மேல் குற்றமில்லை. காவல் போடாத நாம்தான் பொறுப்பு. லினக்ஸ் பெட்டியை ரவுட்டராக்குபவர்களுக்கு இன்னொன்று: ஃபார்வர்டிங்கை இயக்கிய கணத்தில் அது பிறருடைய அறிவிப்புகளைக் கேட்பதை நிறுத்திவிடும். வெளிப்பக்கம் சேவையாளரின் அறிவிப்பை நம்பியிருந்த பெட்டி டீஃபால்ட் ரூட்டை இழந்து நிற்கும். ஃபார்வர்டிங் இருந்தாலும் கேள் என்று அந்த இன்டர்ஃபேஸின் அமைப்பில் 2 என்ற மதிப்பைத் தனியாக வைக்க வேண்டும்.

முகவரிகளை டிஹெச்சிபிவி6 வழியாக மட்டும் கொடுப்போம், பதிவேடு சுத்தமாக இருக்கும் என்று நினைக்கும் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு கைபேசிகள் டிஹெச்சிபிவி6 வழியாகத் தனி முகவரி கேட்பதில்லை என்பதில் பல ஆண்டுகளாக உறுதியாக நிற்கின்றன. கைபேசிகள் வரும் வைஃபையில் அறிவிப்பு வழி முகவரிக்கு இடம் வையுங்கள்.

இப்போது /64. பஞ்சத்தில் பழகிய கை தடுமாறும் இடம் இது. ஒரு லேனுக்கு /64 என்றால் 1,84,467 கோடி கோடி முகவரிகள். முப்பது கணினிக்கு இவ்வளவா என்று மனசு பதறும். உடனே /120 என்று போட்டு 256-க்குள் அடக்கத் தோன்றும். போடாதீர்கள். கணினி தானாக முகவரி உருவாக்கிக்கொள்ளும் முறைக்கு ஈதர்நெட்டில் 64 பிட் பிரிஃபிக்ஸ் வேண்டும். /120-ல் அறிவிப்பைக் கேட்கும் கருவி முகவரி இல்லாமல் நிற்கும். இங்கே எண்ண வேண்டியது கருவிகளை அல்ல, லேன்களை. ஒரு வளாகத்துக்கு /48 கிடைத்தால் உங்களிடம் 65,536 லேன்கள் இருக்கின்றன. எந்தக் கல்லூரி வளாகமும் அதைத் தீர்க்காது.

அப்படியானால் இரண்டே ரவுட்டர் இருக்கும் லிங்க்குக்கும் /64-தானா? இதில் அறிஞர்களே மனம் மாறினார்கள். ஒரு முனைக்கு 0, மறு முனைக்கு 1 என்று /127 போடுவது தீங்கானது என்று 2003-ல் ஓர் ஆவணம் எச்சரித்தது. பூஜ்யத்தில் முடியும் முகவரி அந்த சப்நெட்டின் எல்லா ரவுட்டருக்கும் பொதுவான எனிகாஸ்ட் முகவரி என்பது அதன் வாதம். களத்தில் இருந்தவர்கள் வேறு ஆபத்தைக் கண்டார்கள். சில வகைப் பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க்கில் /64 வைத்தால், இல்லாத முகவரிக்கு வரும் பாக்கெட்டை இந்த ரவுட்டர் அங்கே தள்ளும், அந்த ரவுட்டர் இங்கே தள்ளும். ஹாப் எண்ணிக்கை தீரும்வரை இந்தப் பந்தாட்டம் நடக்கும். ஈதர்நெட்டாக இருந்தால், வெளியிலிருந்து ஒருவர் வரிசையாக இல்லாத முகவரிகளுக்குப் பாக்கெட் அனுப்ப, ஒவ்வொன்றுக்கும் அண்டை வீட்டாரைத் தேடித் தேடியே ரவுட்டரின் நெய்பர் அட்டவணை நிரம்பும். உண்மையான அண்டைக்கு இடமிருக்காது. 2011 ஏப்ரலில் வந்த புதிய ஆவணம் ரவுட்டர்கள் /127-ஐ ஏற்க வேண்டும் என்றது. மறு ஆண்டே பழைய எச்சரிக்கை வரலாற்று ஆவணமாக ஒதுக்கப்பட்டது.

ஆகவே ரவுட்டருக்கு ரவுட்டர் /127 போடுங்கள். ஆனால் அந்த லிங்க்குக்கு ஒரு முழு /64-ஐ ஒதுக்கிவைத்துவிட்டு, அதன் தொடக்கத்திலிருந்து /127-ஐ எடுங்கள். மிச்சத்தை இன்னொரு லிங்க்குக்குப் பிய்த்துக் கொடுக்காதீர்கள். /127 இங்கே மிச்சம் பிடிக்க அல்ல, கதவை அடைக்க. லிங்க்குகளுக்குக் குளோபல் முகவரியே வேண்டாம், லிங்க்-லோக்கல் போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஓஎஸ்பிஎஃப் அப்படியும் ஓடும். சிறிய நெட்வொர்க்குக்கு எனக்கு அது உடன்பாடில்லை. டிரேஸ்ரூட்டில் எந்த லிங்க் வழியாகப் பாக்கெட் போனது என்பது மறைந்துவிடும். ஒரு பழுதைத் தேடும் மனிதருக்கு அந்தத் தகவல் விலைமதிப்பற்றது. ஓஎஸ்பிஎஃப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: ஐபிவி4 முகவரியே இல்லாத ரவுட்டரில் 32 பிட் ரவுட்டர்-ஐடியைக் கையால் கொடுக்காவிட்டால் ஓஎஸ்பிஎஃப்வி3 எழுந்திருக்காது.

முகவரி தாராளமாக இருப்பதால் கிடைக்கும் பெரிய வசதி, முகவரியைப் படிக்கும்படி அமைக்கலாம் என்பது. நான் கொடுத்த எடுத்துக்காட்டில் 30 என்ற பகுதி விலேன் 30. சுவிட்சில் இருக்கும் எண்ணே முகவரியிலும் இருக்கிறது. ஹெக்ஸாடெசிமலில் அந்த 30-க்கு மதிப்பு 48 என்று கணிதம் படித்த மாணவர் ஆட்சேபிப்பார். ரவுட்டருக்கு அது 48 ஆகவே இருக்கட்டும். மனிதர் கண்ணுக்கு 30 தெரிந்தால் போதும். பிரிக்கும்போது நான்கு நான்கு பிட் எல்லையில், அதாவது /48, /52, /56, /60 என்று பிரியுங்கள். ஒவ்வோர் இலக்கமும் ஒரு கட்டடத்தையோ தளத்தையோ குறிக்கும். /51 என்று நடுவில் வெட்டினால் யார் எங்கே என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

பாதுகாப்பில் மூன்றைச் சொல்ல வேண்டும். ஐசிஎம்பியை முழுவதும் அடைக்கும் பழக்கத்தை விடுங்கள். ஐபிவி6-ல் அண்டை வீட்டாரைக் கண்டுபிடிப்பதே ஐசிஎம்பிவி6 வழியாகத்தான். வழியில் உள்ள ரவுட்டர் பாக்கெட்டை உடைப்பதும் கிடையாது. பெரியதாக இருந்தால் பெரியது என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பியில் சொல்லும். அந்தச் செய்தியை அடைத்தால் சிறிய பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு பாதியில் தொங்கும். இரண்டாவது: ஐபிவி6-ஐ இயக்கிய அன்றே ரவுட்டரின் நிர்வாக வழிக்கு ஐபிவி6 ஆக்சஸ்-லிஸ்ட்டையும் போடுங்கள். ஐபிவி4 பக்கம் யார் எஸ்எஸ்ஹெச் செய்யலாம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். அந்த வரிசை ஐபிவி6-ஐத் தடுக்காது. முன்வாசலுக்குப் பூட்டு, பின்வாசல் விரியத் திறந்து கிடக்கும். மூன்றாவது: நாட் இல்லாத இடத்தில் வீட்டுக் கருவிகளுக்குக் காவல் ஃபயர்வால்தான். வெளியிலிருந்து தொடங்கும் இணைப்பை மறித்து, உள்ளிருந்து தொடங்கியதற்குப் பதிலை மட்டும் விடும் விதியை முதலிலேயே எழுதுங்கள்.

கடைசியாகப் பின்வரிசையில் உள்ள தொழில்காரர்களுக்கு. நீங்கள் விண்ணப்பித்தால் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகுதி வழக்கமாக /32. அதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஒரே ஒரு /64 கொடுக்கும் சேவையாளர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் விருந்தினர் வைஃபையைத் தனியாக்க நினைத்தால் முடியாது. கேமராக்களைத் தனி லேனில் போட நினைத்தால் முடியாது. பிரிப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. டிஹெச்சிபிவி6 பிரிஃபிக்ஸ் டெலிகேஷன் வழியாக வீட்டுக்கு ஒரு /56 கொடுங்கள். அவருக்கு 256 லேன்கள் கிடைக்கும். உங்கள் /32-க்குள் 1,67,77,216 வீடுகளுக்கு /56 கொடுக்கலாம். உங்கள் தாலுகாவில் அத்தனை வீடுகள் இல்லை.